நாற்காலி நிலைக்கும், உட்கார்ந்தவர்?



"இரு கட்சி முறையில் அந்த இரண்டு கட்சிகளுக்கும் எதிர்காலம் உண்டா, இல்லையா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் பிரிட்டனைக் காட்டி, "ரெண்டே கட்சி, அசைக்க முடியாது"ன்னு சொல்லிட்டுப் போனாரு. ஐயா, அதே பிரிட்டனுக்கு நானும் வர்றேன். விசா வேண்டாம், வரலாறு போதும்! (சிரிப்பு)

1906 தேர்தல்ல அங்கே லிபரல் கட்சிக்குப் பெருவெற்றி. எதிரே கன்சர்வேடிவ் கட்சி. தொழிலாளர் கட்சி 29 இடத்தோட ஓரமா நின்னுச்சு. 1916ல லிபரல் தலைவர்கள் தங்களுக்குள்ளேயே பிரிஞ்சாங்க. 1918ல ஏழை ஆண்களுக்கும், முப்பது வயசு தாண்டின பெண்கள் பலருக்கும் ஓட்டு வந்தது. புதுசா வந்த தொழிலாளி வேற வாசலைத் தட்டினான். 1924ல லிபரல் கட்சிக்கு மிஞ்சினது 40 இடம்! நாற்காலி ரெண்டு அப்படியே இருந்தது நடுவர் அவர்களே. உட்கார்ந்திருந்த ஆள் மாறிட்டான்! (கைதட்டல்)

"அதுக்கப்புறம் அசையலையே?" என்பீர்கள். ஏன் அசையலை? கட்சியின் பலமா? இல்லை, எண்ணுகிற முறை! தொகுதியில் ஒரு ஓட்டு கூடுதலா வாங்கினவர் ஜெயிச்சார். நாமும் இங்கே அப்படித்தானே எண்ணுகிறோம்? 1983ல தொழிலாளர் கட்சிக்கு நூற்றுக்கு 28 ஓட்டு, 209 இடம். மூன்றாவதா வந்த கூட்டணிக்கு நூற்றுக்கு 25 ஓட்டு, இடம் எத்தனை? வெறும் 23!

அதனாலதான் வீட்டுல நான் மூணாவது ஆள் பேரைச் சொன்னா, "ஏங்க, ஓட்டை வீணாக்காதீங்க"ன்னு என் மனைவி சொல்றாங்க. பிடிச்சவருக்குப் போடாம, பிடிக்காதவர் வந்துடக் கூடாதேன்னு இன்னொருத்தருக்குப் போடுறோம். அது அன்பில் விழுந்த ஓட்டு இல்லீங்க, பயத்தில் விழுந்த ஓட்டு. பயத்தில் விழுந்த ஓட்டு சொத்தாகாது, அது கடன்! ஒருநாள் திருப்பிக் கேட்பான்.

கேட்டும் விட்டான்! 1951ல பிரிட்டனின் இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து வாங்கியது நூற்றுக்கு 97 ஓட்டு. 2024ல அதே இரண்டும் சேர்ந்து 57! கூரை நிற்குது, தூண் அரிச்சுப் போச்சு.

ஆகவே, வாசலைப் பூட்டி வைத்த கட்சிக்கு எதிர்காலம் இல்லை. வாக்காளனுக்கு உண்டு என்று தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே! (கைதட்டல்)