வெள்ளைப் பூவும் மஞ்சட் கண்ணும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில், மூத்த அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



நமது சங்கத்தின் பெயர் இந்து வாலிபர் சங்கம். இதன் அங்கத்தவர் இடாப்பிலே என் பெயர் ஐம்பத்திரண்டு வருடங்களாக இருந்து வருகிறது. வாலிபம் எந்த வயதோடு முடிகிறது என்று நமது அமைப்பு விதிகளில் எவரும் எழுதி வைக்கவில்லை. அஃது அந்நாளைய பெரியோரின் கவனக் குறைவோ, கருணையோ என்று நான் விசாரிக்கப் போகவில்லை. விசாரித்தால் இன்றைய நிருவாகசபையார் விதியைத் திருத்திவிடக் கூடும். ஆகவே எழுபத்து நான்கு வயது வாலிபனாகிய நான் உங்கள் முன் நிற்கிறேன். நெடுநேரம் நிற்க முடியாது என்பதனால், கதிரை ஒன்றையும் அருகே வைத்திருக்கிறார்கள்.

"ஐயா, முதுமையைப் பற்றிப் பேசவேணும், ஆனால் சனம் சிரிக்கவேணும்" என்று காரியதரிசித் தம்பி வந்து கேட்டார். முதுமையைப் பற்றி நான் பேசினால் சனம் சிரிப்பது நிச்சயம். அதற்கென்று தனியாகப் பகிடி தேட வேண்டியதில்லை என்று சொல்லி ஒப்புக்கொண்டேன்.

முதுமை ஒரு நாளில் வருவதில்லை. பஸ்ஸில் ஏறியதும் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "ஐயா, இருங்கோ" என்கிறாள். எனக்குப் பின்னால் யாரோ கிழவர் ஏறியிருக்கிறார் போலும் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவருமில்லை. முன்னர் பத்திரிகை வந்தால் கிரிக்கெட் பக்கத்தைப் பார்த்தோம். பின் விலைவாசியைப் பார்த்தோம். இப்போது மரண அறிவித்தலைத்தான் முதலில் பார்க்கிறோம். அதிலும் பெயரைப் பார்க்குமுன் வயதைப் பார்க்கிறோம். தொண்ணூறு என்றிருந்தால் ஒரு தேநீர் குடிக்கலாம். எழுபத்திரண்டு என்றிருந்தால் அன்றைக்குச் சீனி இல்லாமற் குடிக்கிறோம்.

முதுமையை வேண்டிப் பெற்றவர் ஒருவர் உண்டு. ஔவையார் கலியாணத்துக்குத் தப்ப வேண்டிப் பிள்ளையாரிடம் கேட்டு முதுமையைப் பெற்றார் என்பது நாமெல்லாம் சிறு வயதிற் கேட்ட கதை. நமக்கோ அது கேட்காமலே கிடைத்தது; அதுவும் கலியாணம் செய்த பிறகு. தாய்மார்கள் மன்னிக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இளைப்பாறிய உத்தியோகத்தனுக்கு முதலாவது வருடம் தேன். இரண்டாவது வருடத்தில் அவன் வீட்டிலுள்ளோருக்குத் தொந்தரவு. நான் குசினிக்குள் சென்று உப்பு, புளியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தொடங்கினேன். என் மனைவி ஒரு வாரம் பொறுத்தாள். எட்டாம் நாள், பேரன் பள்ளிக்கூடத்துக்கென்று வாங்கிப் பாதியில் விட்டிருந்த நீர்வர்ணப் பெட்டியை எடுத்து வந்து என் சாய்மனைக் கதிரையின் கையில் வைத்து, "இஞ்சருங்கோ, இதிலை ஏதாவது கீறிக்கொண்டு இருங்கோ" என்றாள். என் சித்திர வாழ்க்கை இவ்வாறு ஆரம்பமாயிற்று. அப்போது எனக்கு வயது அறுபத்தெட்டு.

முதலிற் கீறியது முற்றத்திலே நின்ற செவ்வரத்தை. இரண்டு மணித்தியாலம் கீறினேன். பேரன் வந்து எட்டிப் பார்த்து, "அப்பப்பா, கோழி நல்லாயிருக்கு. கால் எங்கை?" என்றான். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் படத்தைத் தூரத்திலே பிடித்துப் பார்த்தபோது, அது கோழிதான். கொண்டையுங்கூட இருந்தது. அன்று நானும் அவனும் வயிறு நோகச் சிரித்தோம். முப்பது வருடங்களாகப் பிள்ளைகளின் கொப்பியில் பிழை பிடித்தவனுக்குத் தன் கொப்பியைப் பிறர் திருத்துவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

எங்கள் ஒழுங்கையில் இளைப்பாறிய சித்திர ஆசிரியர் ஒருவர் இருந்தார். வயது எண்பத்தாறு. அவரிடம் போய், "மாஸ்டர், எனக்குக் கை நடுங்குது, இனிப் படிக்கலாமோ?" என்று கேட்டேன். அவர் தமது கையை நீட்டிக் காட்டினார். அஃது என் கையைவிட அதிகம் நடுங்கியது. "நடுக்கத்தை ஒளிக்கப் பாராதை. செவ்வரத்தையின்ரை இதழ் ஓரம் என்ன நேரே இருக்குதோ? உன்ரை கை நடுங்கிற இடத்திலை இதழ் ஓரத்தை வை. நடுவிலை இருக்கிற தண்டுக்கு மாத்திரம் மூச்சைப் பிடி" என்றார். நான் பெற்ற சித்திரப் பாடம் எல்லாவற்றிலும் பெரியது இதுவே. நடுங்குகிற கைக்குத் தோதான வேலை பூவுலகத்தில் நிறைய உண்டு. வாழைப்பூவும் தாமரையும் எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாது. அவற்றின் ஓரம் வழுவழுப்பானது.

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயைப் பற்றி எனக்குச் சொன்னவரும் அவரே. 1760இல் பிறந்த அந்த மனிதர், மலைகளையும் அலைகளையும் போலவே பூக்களையும் வரைந்தவர். எழுபத்தைந்தாம் வயதில் ஒரு நூலின் இறுதியிலே, தாம் எழுபதுக்கு முன் வரைந்தவற்றில் ஒன்றும் பொருட்படுத்தத் தக்கதல்ல என்றும், நூற்றுப் பத்து வயதாகும்போது தாம் இடும் ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிரோடிருக்கும் என்றும் கருத்துப்பட எழுதி வைத்தார். 1849இல் தொண்ணூறை ஒட்டிய வயதிற் காலமானார். அவருக்கும் எனக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: எழுபதுக்கு முன் நான் கீறியவற்றிலும் ஒன்றும் பொருட்படுத்தத் தக்கதல்ல.

பூக் கீறுபவனுக்கு வீட்டிலே ஒரு பெரும் வழக்கு உண்டு. என் மனைவி விடியுமுன் குளித்து, கடகத்தோடு பூப்பறிக்கப் போகிறவள். பறித்த பூவை மோந்து பார்க்கக் கூடாது, நிலத்தில் வைக்கக் கூடாது என்பவை அவளுடைய சட்டங்கள். நான் சூரியன் வந்த பின், வெளிச்சம் பார்த்து, பூவைத் தேடிப் போகிறவன். நான் போகும்போது செடியில் இலை மாத்திரம் இருக்கும். "ஒரு நந்தியாவட்டையை விட்டுவைக்கப்படாதோ?" என்றால், "பூ சாமிக்கோ, உங்கடை கோழிக்கோ?" என்பாள். பல நாள் வாதாடி, கிணற்றடி நந்தியாவட்டையில் மேற்குக் கிளை எனக்கு, மிச்சம் சாமிக்கு என்று பங்கு பிரித்தோம். அவ்வாண்டு மேற்குக் கிளை பூக்கவில்லை. சாமியின் வேலையோ, தண்ணீர் ஊற்றினவளின் வேலையோ நான் அறியேன்.

பூவரசோடு எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். வேலிக் கதியாலாகவும், பிள்ளைகளுக்கு இலையிற் பீப்பீயாகவும் நாம் அறிந்த மரம் அது; அதன் பூவை யார் நின்று பார்த்தோம்? ஒரு நாட் காலை ஏழு மணிக்கு ஒரு பூவரசம் பூவைத் தண்ணீர்க் கோப்பையிலே வைத்துக் கீறத் தொடங்கினேன். இளமஞ்சள் நிறம், அடியிலே கருஞ்சிவப்பு. நடுவிலே தேநீர் வந்தது, பத்திரிகை வந்தது, மத்தியானச் சாப்பாடு வந்தது, அதன் பின் வருவதும் வந்தது. நான்கு மணிக்கு விழித்துப் பார்க்கிறேன்: கோப்பையில் இருப்பது சிவந்த பூ. படத்தில் பாதிப் பூ மஞ்சள். மிகுதியைக் கண்ணெதிரே உள்ளபடி கீறினால் மறுபாதி சிவப்பு. பேரனைக் கூப்பிட்டு, "ஆரடா பூவை மாத்தினது?" என்று விசாரணை நடத்தினேன். அவன் பாவம், அழாக்குறை. பூவரசம் பூ காலையில் மஞ்சளாய் விரிந்து மாலையிற் சிவந்து வாடுவது அதன் இயல்பு என்பதை, அந்த மரத்தடியிலேயே வளர்ந்த நான் அறுபத்தொன்பதாம் வயதில் அறிந்துகொண்டேன். பேரனுக்கு ஒரு சொக்கிலேற் அபராதம் கட்டினேன். அந்தப் படத்தைப் பாதி மஞ்சளும் பாதி சிவப்புமாகவே வைத்திருக்கிறேன்.

வயது போன பின் பூ வேலையில் இறங்கியவர்களுள் எனக்கு மிகப் பிடித்தவர் மேரி டிலேனி என்னும் ஆங்கிலப் பெருமாட்டி. 1700இற் பிறந்தவர். கணவரை 1768இல் இழந்தார். 1772இல், எழுபத்திரண்டாம் வயதில், ஒரு பூவிதழின் நிறமும் மேசையிற் கிடந்த சிவப்புக் கடதாசியின் நிறமும் ஒன்றாயிருக்கக் கண்டு, கடதாசியை இதழாக வெட்டி ஒட்டிப் பார்த்தார். சிநேகிதியான போர்ட்லண்ட் சீமாட்டி வந்து, நிசமான பூ என்றே ஏமாந்து போனாராம். அதன் பின் பத்து வருடங்களில், கரிய தாளின் மேல், ஒவ்வொரு பூவுக்கும் நூற்றுக் கணக்கான சிறு கடதாசித் துண்டுகளை வெட்டி ஒட்டி, 985 பூக்களைச் செய்தார். ஆயிரம் ஆக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பதினைந்து குறையும்போது கண் பார்வை கைவிட்டது. அவை இன்றும் இலண்டனில் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றன. நம்மிடையே எழுபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி கத்தரிக்கோலும் கடதாசியுமாய் உட்கார்ந்தால், பிள்ளைகள் உடனே வைத்தியருக்கு ஆள் அனுப்புவார்கள்.

கண் என்றேன். என் கதையிலும் கண் வருகிறது. இவ்விடத்திற் பகிடி கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருந்தது. அது மெல்ல வளர்ந்தபடியால் நான் அறியவில்லை. விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. விளக்கில் பிழை என்றேன். பத்திரிகை மங்கியது, அச்சுக்கூடத்தில் பிழை என்றேன். கடைசியில் கோயில் வீதியில் ஒரு கற்றூணுக்கு, தெரிந்தவர் என்று எண்ணிக் கைகூப்பினேன். அதன் பிறகுதான் மகன் என்னை வைத்தியரிடம் கூட்டிப் போனான். சத்திரசிகிச்சைக்கு முந்திய இரவுகளில் நான் நித்திரை கொள்ளவில்லை. தவறினால் என்ன செய்வேன் என்ற எண்ணம். பத்திரிகை போனாலும் போகட்டும், வானொலி இருக்கிறது. முகங்களைக் குரலால் அறியலாம். பூவை எதனால் அறிவது? மணத்தால் என்றால், செவ்வரத்தைக்கு மணமில்லை.

சென்ற வருடம் வலக்கண்ணுக்குச் செய்தார்கள். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்து, வேலியிலே படர்ந்திருந்த நீலக் காக்கணத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு நீலம் உலகத்தில் உண்டென்பதையே நான் மறந்திருந்தேன். பின்பு உள்ளே போய் என் படங்களைப் பார்த்தேன். கடைசி இரண்டு மூன்று வருடங்களில் கீறிய நந்தியாவட்டை, மல்லிகை, முல்லை எல்லாம் மஞ்சள். பழைய உறுதிக் கடதாசியின் நிறம். பொத்திய வலக்கண்ணோடு, புரையுள்ள இடக்கண்ணாற் பார்த்தால் வெண்மையாகவே தெரிந்தன. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதோடு மஞ்சளாகிறது, நீலத்தைத் தடுக்கிறது. மெல்ல மெல்ல நடப்பதால் மூளை அதற்குப் பழகிவிடுகிறது என்று வைத்தியர் விளக்கினார். மஞ்சள் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு நான் வெள்ளைப் பூக் கீறியிருக்கிறேன்.

குளத்து அல்லிப் பூக்களை வரைந்து புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேக்கு 1912இல் புரை கண்டுபிடிக்கப்பட்டது. பயத்தினால் பதினொரு வருடம் ஒத்திப்போட்டு, 1923இல், எண்பத்திரண்டாம் வயதில், வலக்கண்ணுக்கு மாத்திரம் செய்துகொண்டார். இடையில் அவர் வரைந்த தோட்டத்துப் பாலம் நெருப்புப் பிடித்தாற்போற் சிவந்தும் பழுத்தும் இருக்கிறது. சிகிச்சையின் பின் எல்லாம் நீலமாய்த் தெரிகிறதென்று குறைப்பட்டார். பழைய படங்களைத் திருத்தவும் தலைப்பட்டார். 1926இற் காலமாகும் வரையில் அவருக்கு இரண்டு கண்ணும் ஒத்துப்போகவில்லை.

நானும் வெள்ளை வர்ணத்தைக் குழைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தேன். முதற் படத்தின் மூலையில் மாஸ்டரின் கையால், "வெண்மை நன்று" என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தது. மாஸ்டர் அதற்கு முந்திய வருடம் காலமாகிவிட்டார். என் மஞ்சளைக் கண்டும் மனம் நோகுமென்று சொல்லாமல் விட்டாரோ, அவர் கண்ணிலும் புரைதான் இருந்ததோ? ஒரு மஞ்சட் கண் கீற, இன்னொரு மஞ்சட் கண் புள்ளி போட்டதோ? கேட்பதற்கு ஆளில்லை. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன்.

மனைவியைக் கூப்பிட்டு, "நீ கண்டனிதானே, ஏன் சொல்லேல்லை?" என்றேன். "வெள்ளைப் பூவை மஞ்சளாய்க் கீறுறதுதான் கலையாக்கும் எண்டு இருந்திட்டன்" என்றாள்.

அன்று பின்னேரம் அவள் நல்ல சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "இப்ப எல்லாம் வடிவாய்த் தெரியுதோ?" என்றாள். தெரிகிறது என்றேன். உண்மையில் அன்று காலையிலேயே கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, இது யார் வீட்டுக் கிழவர் என்று திடுக்கிட்டிருந்தேன். அவளுடைய தலையும் நான் நினைத்திருந்ததிலும் நன்றாய் நரைத்துத்தான் இருந்தது. "அப்ப, நான் எப்பிடி இருக்கிறன்?" என்று கேட்டாள். முப்பது வருட ஆசிரிய அனுபவம், இப்படிப்பட்ட கேள்விக்கு உடனே விடை சொல்லக் கூடாதென்று எனக்குக் கற்பித்திருக்கிறது. யோசித்துவிட்டு, "நந்தியாவட்டை மாதிரி" என்றேன்.

"மஞ்சளோ, வெள்ளையோ?" என்றாள்.

இடக்கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். படங்களை மண்டபத்தின் பின்பக்க மேசையிலே பரப்பியிருக்கிறேன். மஞ்சளாயிருப்பவை வெள்ளைப் பூக்கள். பாதி மஞ்சளும் பாதி சிவப்புமானது பூவரசு. கோழி விற்பனைக்கில்லை, அது பேரனுடையது.