லினி சிஸ்டருக்கு நெய்வேலியின் அஞ்சலி



மே 12 செவிலியர் நாள். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். அந்த அம்மையாரைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நிறைவாகவே சொல்லிவிட்டார்கள். நான் கிரிமியப் போர்க்களம் வரைக்கும் போகவில்லை. இங்கிருந்து மேற்கே சேலம், கோவை, பாலக்காடு தாண்டிப் போனால் கோழிக்கோடு. அந்த மாவட்டத்துப் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு தாயைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். அவர் பெயர் லினி புதுசேரி. இரண்டு ஆண் குழந்தைகளைப் பெற்றவர். 2018இல் பெரியவனுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு. கணவருக்கு அப்போது பஹ்ரைனில் வேலை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இரவுப் பணிக்கும் போய்வந்துகொண்டு குடும்பத்தை நடத்தியவர் லினி.

2018 மே மாதத் தொடக்கம். அந்த மருத்துவமனைக்கு ஓர் இளைஞர் கடும் காய்ச்சலோடு வந்தார். அன்றைக்கு அது என்ன நோய் என்று எவருக்கும் தெரியாது. மே 5ஆம் தேதி அந்த இளைஞர் இறந்தார். அடுத்து அவருடைய அண்ணன் படுத்தார், உறவினர்கள் படுத்தார்கள். ரத்த மாதிரி பரிசோதனைக்குப் போய், இது நிபா வைரஸ் என்று ஊருக்குத் தெரியவந்தபோது மே மூன்றாவது வாரம் ஆகிவிட்டது. அதற்குள், அந்த இளைஞரைக் கவனித்த லினி படுக்கையில் இருந்தார்.

நிபா பழந்தின்னி வௌவாலிடமிருந்து வருகிற கிருமி. 1998, 99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களிடம்தான் முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். 2001இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரிக்கு வந்தது. அங்கே நோய் பரவியதே பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்தான். ஏன் தெரியுமா? எச்சிலில், சளியில், இருமலில், மிக நெருங்கி இருப்பதில் அது தொற்றுகிறது. டாக்டர் வருவார், பார்ப்பார், மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். வாந்தி எடுத்தால் துடைப்பது யார்? இருமுகிறவரின் முதுகைத் தாங்கி நிமிர்த்தி உட்காரவைப்பது யார்? சிஸ்டர்தானே! எந்த நெருக்கத்தில் அவர்கள் வேலை நடக்கிறதோ அதே நெருக்கத்தில்தான் அந்தக் கிருமியும் தாவுகிறது. தடுப்பூசி கிடையாது. பல இடங்களில் தொற்றியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைக்கவில்லை.

தனக்குக் காய்ச்சல் கண்டதும் லினிக்குப் புரிந்துவிட்டது. தன்னைத் தனியாக வைக்கும்படி தானே கேட்டுக்கொண்டார். சொந்தக்காரர்களைப் பக்கத்தில் வரவிடவில்லை. கணவர் வளைகுடாவிலிருந்து ஓடிவந்தார், எட்ட நின்று ஒருமுறை பார்க்க முடிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபடி லினி ஒரு சின்னக் கடிதம் எழுதினார். இனி நாம் சந்திப்போம் என்று தோன்றவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்களை உங்களோடு அழைத்துப் போங்கள், தனியாக இருந்துவிடாதீர்கள். இவ்வளவுதான் அதன் சாரம். சாகக் கிடக்கும்போதும் கணவர் தனியாகிவிடுவாரே என்று கவலைப்பட்டிருக்கிறார். மே 21ஆம் தேதி உயிர் பிரிந்தது. தொற்று பரவாமலிருக்க, உடலை வீட்டுக்குக் கொடுக்காமல் சுகாதாரத் துறையே தகனம் செய்தது. பெற்ற பிள்ளைகள் அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. அந்த முறை கேரளத்தில் நிபா 17 உயிர்களைக் கொண்டுபோயிற்று.

இனிமேல் நான் சொல்லப்போவதை நெய்வேலிக்காரர்கள் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும். லினி நிரந்தரப் பணியாளர் இல்லை. ஒப்பந்தச் செவிலியர்.

ஒப்பந்தம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே சுரங்கம், ஒரே பாய்லர், ஒரே வெயில். ஒருவர் நிரந்தரம், பக்கத்தில் நிற்பவர் கூட்டுறவு சொசைட்டித் தொழிலாளி, அதற்கும் அடுத்தவர் கான்ட்ராக்ட். 2020 ஜூலை 1 காலையில் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்ததே, அன்றைக்கே ஆறு பேரை இழந்தோமே, அந்த நெருப்பு யார் நிரந்தரம், யார் ஒப்பந்தம் என்று பார்த்ததா? வெந்த உடம்போடு வந்தவர்களைச் சென்னைக்கு அனுப்புவதற்கு முன்னால், இங்கே நம் மருத்துவமனையில் தாங்கிப் பிடித்த கைகள் செவிலியர் கைகள். கொரோனா முதல் அலை ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

லினி மறைந்த பிறகு மரியாதைக்குக் குறைவில்லை. கேரள அரசு கணவருக்கு வேலை கொடுத்தது, பிள்ளைகள் பெயரில் தலைக்கு 10 லட்சம் போட்டது, சிறந்த செவிலியருக்கு அவர் பெயரில் விருது ஏற்படுத்தியது. அந்த அரசை நான் மனதாரப் பாராட்டுகிறேன். தேசிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருதும் வந்தது. இந்த நிபா பரவலைச் சொல்லி 2019இல் வந்த ‘வைரஸ்’ மலையாளப் படத்தைப் பார்த்து அழாதவர் குறைவு. அத்தனையும் நியாயம்தான். ஆனால் நிரந்தர வேலை என்ற ஒன்று உயிரோடு இருந்தபோது அவருக்குக் கிடைக்கவில்லையே!

புகழ் வந்தாலும் நிலை மாறிவிடுவதில்லை. லைபீரியாவில் சலோமி கார்வா என்று ஒரு பெண். எபோலா வந்து பிழைத்து, அதே நோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்தவர். 2014இல் ‘டைம்’ பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட்டது. 2017இல் பிரசவத்துக்குப் பின் உடல்நிலை மோசமாகி மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, எபோலா பயத்தில் அங்கிருந்தவர்கள் தொடவே தயங்கினார்கள் என்று அவர் குடும்பத்தார் சொன்னார்கள். அவரும் இறந்துபோனார். உலகமே அறிந்த முகத்துக்கே இந்த நிலை.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2015இல் தேர்வு எழுதி அரசு மருத்துவமனைகளுக்கு வந்த செவிலியருக்கு அப்போது தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாயாக இருந்தது. 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் அவர்கள் உட்கார்ந்து போராடிய பிறகுதான் தமிழ்நாடு திரும்பிப் பார்த்தது. கொரோனா காலத்தில் எடுத்த ஏறத்தாழ 2,400 பேரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் நாம் எல்லோரும் கைதட்டியது இவர்களுக்கும் சேர்த்துத்தான். தாய் என்கிறோம், தெய்வம் என்கிறோம். மாதச் சம்பளம் என்று வரும்போது மட்டும் நமக்கு வாய் வருவதில்லை. என்னைக் கேட்டால், தெய்வப் பட்டம் வேண்டாம், பணிநிரந்தர உத்தரவு போதும்.

சங்கப் பொறுப்பாளர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்காக எத்தனையோ முறை வாயிற்கூட்டம் போட்டவர்கள் நீங்கள். அடுத்த கூட்டத்தில், அரசு மருத்துவமனைகளின் ஒப்பந்தச் செவிலியர் அனைவரையும் பணிநிரந்தரம் செய்யக் கோரி ஒரு தீர்மானம் போடுங்கள். வரும் மே 21, லினி சிஸ்டரின் நினைவு நாளுக்குள் நம் நகரியத்தில் வட்டம் வட்டமாகக் கையெழுத்து வாங்கிச் சென்னைக்கு, அரசுக்கு அனுப்புவோம். முதல் கையெழுத்து என்னுடையது.