உருளவள்ளியும் ஒரு சட்டத்தரணியின் பாதையும்
(தோட்டத் தலைவர்மார், மாதர் சங்கத் தலைவியர் கருத்தரங்கில் எமது சட்டப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



காலையில் இங்கே வந்து இறங்கியதும் ஒரு தலைவர் கேட்டார்: "சட்டத்தரணி என்றால் காசு உள்ளவர்களின் ஆள்தானே, எங்களுக்கு என்ன?" அந்தக் கேள்வியை நாம் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. நீதிமன்ற வாசலில் காலை முழுதும் நின்று, பின்பு தவணை போட்டார்கள் என்று அடுத்த பஸ்ஸில் திரும்பியவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப்பேர் இருப்பீர்கள். அன்று போன பேர் போனதுதான், சம்பளம் வராது.

அதனால் இன்று சட்டப் பிரிவுகளின் எண்களில் தொடங்காமல், ஒரு மனிதரின் பாதையில் தொடங்குகிறோம்.

கொல்வின் ஆர். டி சில்வா 1907இல் தென்கரையில் பலப்பிட்டியவுக்குப் பக்கத்தில் பிறந்தார். இலண்டனில் படித்து கலாநிதிப் பட்டம் பெற்றார். அது சட்டத்திற்கான பட்டம் அல்ல, வரலாற்றுக்கானது. பிரித்தானியர் இந்த நாட்டைப் பிடித்து ஆண்ட முதல் நாற்பது ஆண்டுகளை ஆராய்ந்தார். நாடு எப்படிப் பறிபோனது என்று ஏட்டில் படித்தவர், பின்பு அதே ஆட்சியின் நீதிமன்றங்களில் சட்டத்தரணியாக எழுந்து நின்றார். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே.

அவரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது ஒரு துப்பாக்கிச் சூடு. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டையிலுள்ள மூலோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். பெரும் கொந்தளிப்பு எழுந்து, விசாரணை ஆணைக்குழு ஒன்றும் அமைந்தது. அந்த ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காக எழுந்து நின்றவர் கொல்வின்.

ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். லயத்தில் இருந்து வந்த விதவை ஒருத்தி. எதிர்ப்பக்கம் பொலிஸும் துரைமாரும். சுட்டது சரியா பிழையா என்பதைச் சுட்டவர்களின் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்யும் இடம் அது. குறுக்கு விசாரணை என்பதை நம்மில் பலர் சினிமாவில் பார்த்த சத்தம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது, தோட்டத்தில் யாரும் கேட்கத் துணியாத கேள்வியைப் பதில் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் கேட்பது.

அதே ஆண்டு ஜூன் மாதம் கொல்வினே கைதானார். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. யுத்த கால ஒழுங்குவிதிகளின் கீழ் தடுத்து வைத்தார்கள். 1942 ஏப்ரலில், கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்டு இரண்டு நாளில், கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தோழர்களோடு தப்பி இந்தியாவுக்குப் போனார். பிற்காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகப் பேர்போன சட்டத்தரணியாக அவர் நின்றபோது, கூண்டில் நிற்பவனின் நிலைமையை அவர் புத்தகத்தில் மட்டும் படித்திருக்கவில்லை. கிரிக்கெட் வீரர் சதாசிவம், மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு 1953இல் விடுதலையான வழக்கிலும் எதிரியின் பக்கம் நின்றவர் அவர்தான்.

இனி நம்முடைய மாவட்டத்துக்கு வருவோம். கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டத்தை நம்மவர் உருளவள்ளி என்றுதான் சொல்வோம். காணி இல்லாத கிராமத்தவருக்குக் கொடுப்பதற்கென்று அரசாங்கம் அந்தத் தோட்டத்தை எடுத்தது. கிராமத்தவருக்கு காணி வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பு இல்லை. ஆனால் அங்கேயே பிறந்து வேலை செய்தவர்கள் எங்கே போவது? 1946இல் வெளியேறும்படி அறிவித்தல் வந்தது. அவர்கள் வெளியேறவில்லை. அவர்களுக்காகப் பக்கத்துத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் நடந்தது. அதைப் பற்றி உங்கள் பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

அரசாங்கம் நீதிமன்றம் போனது. குற்றச்சாட்டு, அத்துமீறி இருத்தல். வேலையில் இருந்து நிறுத்தினால் லயக் காம்பராவும் போய்விட வேண்டும், போகாவிட்டால் நீ குற்றவாளி. பல தசாப்தமாகத் துரைமார் கையில் இருந்த கத்தி இதுதான்.

செல்வநாயகம் என்ற தொழிலாளியின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950இல் தீர்ப்பு வந்தது. அதை எளிய வார்த்தையில் சொல்கிறோம்: ஒருவன் தன் வீட்டில் இருக்க உரிமை உண்டு என்று உண்மையாக நம்பி இருந்தால், அந்த நம்பிக்கை சட்டப்படி பிழையாக இருந்தாலும், அதனால் உடைமையாளருக்கு எரிச்சல் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தாலும், அது மட்டும் அவனைக் குற்றவாளி ஆக்காது. எரிச்சல் மூட்டுவதே அவனுடைய முக்கிய நோக்கம் என்று வழக்குத் தொடுப்பவர் நிரூபிக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பு நாடு கடந்து, வேறு நாட்டு நீதிமன்றங்களிலும் எடுத்துக் காட்டப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு மட்டும் அது தெரியாது. பாடப் புத்தகத்திலும் நாம் பார்த்ததில்லை.

ஒன்றில் வென்றோம், மற்றொன்றில் தோற்றோம். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் நம் வாக்கைப் பறித்தன. சமசமாஜக் கட்சி அந்தச் சட்டத்தை எதிர்த்தது. கொல்வின் அப்போது பாராளுமன்ற உறுப்பினர். கோடகன்பிள்ளை என்பவர் இதே கேகாலைப் பக்கத்து ருவான்வெல்ல தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார். எந்தச் சமூகத்தையும் வேறுபடுத்தும் சட்டம் செல்லாது என்று சொல்லும் அன்றைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைக் காட்டினார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1953இல் பிரிவி கவுன்சிலும் தள்ளியது: யார் பிரஜை என்று வரையறுப்பது ஒரு நாட்டின் பொறுப்பு, அது ஒரு சமூகத்துக்கு எதிரானது அல்ல என்று. அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது எமக்கு இன்றும் கசப்பு.

இங்கே கொல்வினைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவரைப் படமாக மாட்டி மாலை போடும் எண்ணம் எமக்கு இல்லை. 1970இல் அவர் பெருந்தோட்டக் கைத்தொழில், அரசியலமைப்பு விவகார அமைச்சர் ஆனார். 1972 அரசியலமைப்பை உருவாக்கியவர் அவர். அதில் அந்த 29ஆம் பிரிவு இல்லாமல் போனது. மூலோயாவில் விதவைக்காக நின்ற மனிதர், நமக்கிருந்த காகிதக் கவசத்தையும் எடுத்துவிட்டார். அவருடைய வாதம் என்னவாக இருந்தாலும் நாம் அதை மன்னிக்கவில்லை. மூலோயாவை மறக்கவும் இல்லை.

இனி உங்கள் தோட்டத்து விஷயம். இறப்பர் மலையில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்தவர், கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டியவர், தொழிற்சாலையில் விரல் போனவர் ஆகியோருக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. துரை கவனயீனமாக இருந்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது, வேலை காரணமாக விபத்து நடந்தது என்றால் நட்டஈடு கேட்கலாம். 2022இல் திருத்தி, உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக்கினார்கள். வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்தார்கள்.

ஆனால் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். மலையில் விழுந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள், "வீட்டில் விழுந்தேன்" என்று சொல்லச் சொன்னார்கள். டிக்கட்டில் அப்படியே எழுதிவிட்டார்கள். அந்த அம்மாவின் வழக்கைக் கையில் எடுத்தபோது ஒரு வரிக்காக நாம் எத்தனை நாள் அலைந்தோம்! அதனால் தலைவர்மாரே, அடிபட்டவரோடு ஒருவரை அனுப்புங்கள். எந்த மலை, எத்தனை மணி, கூட இருந்தவர் யார் என்பதை டாக்டரிடம் சொல்ல வையுங்கள். உங்கள் கொப்பியிலும் அன்றே எழுதுங்கள்.

பொலிஸ் பிடித்தால்? பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை வழக்கில் அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது, சாட்சியச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனாலும் புரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தமிழும் அரசகரும மொழிதான். காசு இல்லாதவருக்கு சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, நீதிமன்றப் பக்கம் கேட்டால் காட்டுவார்கள். அதற்கு முன் எமக்குச் சொல்லுங்கள். பிடித்த அன்றே, இரவானாலும்.

தேநீர் வந்துவிட்டது போலிருக்கிறது. குடித்துவிட்டு வாருங்கள், உங்கள் தோட்டத்துக் கேள்விகளை எடுப்போம். லயக் காம்பரா அறிவித்தல் கடிதம் கையில் இருப்பவர்கள் அதை முன்னால் கொண்டு வாருங்கள்.