தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு இல்லாதவர்கள்



சாதி மறுப்புத் திருமணம் செய்த பெண்களின் பிள்ளைப்பேறு பற்றியதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆணவக் கொலைகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் உயிர் தப்பி, எங்கோ வாடகை வீட்டில் குடித்தனம் நடத்தி, பிள்ளை பெறுகிற பெண்ணைப் பற்றி யார் பேசுவது?

நம் ஊரில் தலைப்பிரசவம் என்றால் தாய்வீடு. பத்தியச் சோறு, வெந்நீர் ஊற்ற ஓர் ஆள், ராத்திரியில் பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு மடி. சாதியை மீறியவளுக்கு முதலில் சாத்தப்படுவது அந்தக் கதவுதான். மிரட்டலுக்குப் பயந்து ஊர் மாறியவர்களுக்கு மாமியாரும் பக்கத்தில் இல்லை.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் உறவினர் உடனிருக்கலாம் என்ற திட்டம் 2004இல் வந்தது. நல்ல திட்டம். உடனிருக்க உறவு வேண்டுமே!

நான் சந்தித்த ஒரு பெண்ணுக்கு ஆயுதம் போட்டுத்தான் குழந்தையை எடுத்தார்கள். பிள்ளை பத்து நாள் 'பெட்டியில்' இருந்தது. "உங்க அம்மா வரலையா?" என்று வார்டில் ஆள் மாற ஆள் மாறக் கேட்டார்களாம். "தையல் வலியைக்கூடத் தாங்கிட்டேன், அக்கா. அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன்" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு, பிள்ளை அழுதால் கை நடுங்கியது. கண்ணை மூடினால் பிரசவ அறை. "அதான் புள்ள நல்லாருக்கே" என்று அக்கம்பக்கத்தில் சொல்லச் சொல்ல, அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

இது திமிரும் அல்ல, காற்றுக் கருப்பும் அல்ல. பேறுகால மனச்சோர்வைக் கண்டறியும் 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987இலேயே வந்துவிட்டது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பதுதான் அதன் கடைசிக் கேள்வி. பிள்ளையின் எடை பார்க்க வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர், தாயிடம் இந்தப் பத்தையும் கேட்க வேண்டும். அதற்கான நேரத்தையும் பயிற்சியையும் அரசு அவருக்குக் கொடுக்க வேண்டும்.

சரி, இயக்கம்? திருமண மேடையில் வாழ்த்துகிறோம். பிள்ளைக்குப் பெயர் வைக்கக் கூப்பிட்டால் போகிறோம். நடுவில் இருக்கும் நாட்களில் அவள் தனியாகக் கிடக்கிறாள். பெண் தோழர்கள் முறைவைத்துப் போகலாம், அறிவுரை சொல்ல அல்ல, "அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் உட்கார. சமையலையும் துணியையும் ஆண் தோழர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சாகத் தோன்றுகிறது என்று அவள் சொன்னால் தனியே விட்டு வராதீர்கள். 14416க்கு அழையுங்கள், மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தக் கிழமை உங்களால் வர முடியும் என்று எழுதிவிட்டுப் போங்கள்.