படம் முடிந்ததும் நாலு வார்த்தை பேசுவோம்

(தோட்டத்துச் சமூக மண்டபத்தில் நடந்த மாதாந்தக் குடும்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)





போன கூட்டத்தில் குடிதண்ணீர், மலசலகூடம் பற்றிப் பேசினோம். இந்த மாதம் சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறேன். "ஐயாவுக்கு வேற வேலை இல்லையா?" என்று பின்னால் யாரோ சிரிப்பது கேட்கிறது. சிரியுங்க, ஆனா முழுசா கேட்டுட்டுச் சிரியுங்க.

ஒரு காலத்தில் படம் பார்க்க டவுனுக்குத்தான் போகணும். பிறகு சம்பள நாளில் டெக்கை வாடகைக்கு எடுத்து, இஸ்தோப்பில் வைத்து, விடிய விடிய மூன்று படம் போட்டார்கள். அடுத்து சீடி வந்தது, டிவிடி வந்தது. இப்போது பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. போனில் பார்க்கிறவர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் தனியாகப் பார்க்கிறார். டிஸ்க் போட்டால் வீடே உட்கார்ந்து பார்க்கும், பக்கத்துக் காம்பிராவும் வந்து உட்காரும். ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் படம் நிற்கும். "அது யாரு? ஏன் அழுவுறாங்க?" என்று பாட்டி கேட்டால் நிறுத்தி, பதில் சொல்லிட்டுத் தொடரலாம். அதனாலதான் டிஸ்க் பிளேயர் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம் என்கிறேன்.

ஆனால் படம் முடிந்ததும் என்ன செய்கிறோம்? பிளக்கைக் கழற்றிவிட்டுப் படுத்துவிடுகிறோம். "படம் எப்படி?" என்றால் "நல்லா இருக்கு." "ஏன் நல்லா இருக்கு?" என்றால் "சண்டை நல்லா இருக்கு." அதையும் சொல்கிறவர் வீட்டு ஆம்பிளைதான். அம்மா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டே பாதிப் படம் பார்த்திருப்பார். அவரிடம் யாரும் கேட்பதில்லை. பாட்டியிடமும் கேட்பதில்லை, சின்னப் பிள்ளையிடமும் கேட்பதில்லை.

இதை மாற்றிப் பார்த்தால் என்ன என்று, சென்ற இரண்டு மாதத்தில் மூன்று லயங்களில் சில குடும்பங்களோடு உட்கார்ந்து மூன்று படங்கள் பார்த்தேன். வழக்கமாகப் பேசாதவர்கள் முதலில் பேச வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. அவர்கள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் படம் 'பரதேசி'. பாலா எடுத்தது, 2013இல் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கங்காணி ஒருவன் ஆசை வார்த்தை சொல்லி ஜனங்களைத் தேயிலை மலைக்குக் கூட்டிப் போகிறான். நாள் கணக்காக நடந்து போகிறார்கள். வழியில் விழுந்தவரை விட்டுவிட்டு நடக்கிறார்கள். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது, கடன்தான் மிஞ்சும்.

இந்தக் கதை இந்தியத் தோட்டத்துக் கதை. பி.எச். டேனியல் என்ற மருத்துவர் ஆனைமலைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அவர் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலைத் தழுவித்தான் படம் எடுத்தார்கள். 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் இரா. முருகவேள் அதைத் தமிழில் தந்திருக்கிறார்.

படம் முடிந்ததும் எண்பது வயது தாண்டிய ஒரு அம்மாயி பேசினார். "இது வேற ஊருக் கதை இல்ல சாமி. எங்க அப்பாயி துண்டுன்னு ஒன்னு சொல்லும். அந்தத் துண்டில எழுதின கடன அடைக்காம வேற தோட்டத்துக்குப் போக முடியாதாம். அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதினவன் சொன்னதுதான் கணக்கு" என்றார். கூட இருந்த பேரப் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். அந்தத் துண்டு முறையை இலங்கையில் 1921இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிற விஷயம் அது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் அது தங்கள் சொந்தக் குடும்பத்துக் கதை என்று தெரிந்தது.

உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சி வேறு மாதிரி சொன்னாள். அவள் நாவலையும் படித்தவள். "நாவல்ல வர்ற டாக்டர் தொழிலாளிக்காகப் பாடுபடுறவர். படத்தில அவரை மதம் பரப்ப வந்து ஆடிப்பாடுற ஆளா மாத்திட்டாங்க. உதவி செஞ்சவரைக் கேலி செய்றது நியாயமா?" என்று கேட்டாள். அம்மாயி விடவில்லை. "எனக்கு அந்த டாக்டர் ஞாபகமே இல்ல. அவன் பொண்டாட்டி, ஊர்லேருந்து புள்ளையத் தூக்கிக்கிட்டு அதே மலைக்கு வந்து நின்னா பாரு, அதுதான் நெஞ்சில நிக்குது" என்றார். இரண்டு பேரும் தங்கள் காரணத்தைச் சொன்னார்கள், சண்டை வரவில்லை. என்னைக் கேட்டால் அந்தத் தங்கச்சி சொன்ன குறை நியாயமான குறைதான். அதற்காக அந்தப் படத்தைப் பார்க்காமல் விடவும் கூடாது.

இரண்டாவது படம் 'காக்கா முட்டை'. மணிகண்டன் எடுத்தது, 2015இல் வெளிவந்தது. சிறந்த சிறுவர் படம் என்று இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது, அதில் நடித்த இரண்டு பையன்களுக்கும் விருது கிடைத்தது. சென்னையில் சேரியில் இருக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு, டிவி விளம்பரத்தில் பார்த்த பீட்சாவைத் தின்ன ஆசை. ரயில் பாதையில் விழும் கரியைப் பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கிறார்கள். காசோடு போனாலும் கடைக்காரர்கள் உள்ளே விடவில்லை, அடித்துத் துரத்துகிறார்கள்.

நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் வெட்கப்பட்டான். பிறகு சொன்னான்: "பீட்சா கேட்டது தப்பில்ல. அடிச்சதுதான் தப்பு. ஆனா பாட்டி தோசை மேல காய்கறி எல்லாம் போட்டு பீட்சான்னு சுட்டுக் குடுத்தாங்க. அது நல்லா இல்லன்னு சொல்லிட்டாங்க. பாட்டி செத்த பிறகு, உண்மையான பீட்சாவைத் தின்னுட்டு, அந்தத் தோசையே நல்லா இருந்திச்சுன்னு சொல்றாங்க. பாட்டி இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்."

அந்த வீட்டுப் பாட்டி மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். பையனின் அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்த் தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றி வந்து தாய்க்குக் கொடுத்தார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு யோசிக்க முடியும் என்று நாம் நினைக்கிறோமா? கேட்டால்தானே தெரியும்.

மூன்றாவது 'மேற்குத் தொடர்ச்சி மலை'. லெனின் பாரதி எடுத்தது, 2018இல் வந்தது. தேனிப் பக்கத்து மலையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமி என்ற தொழிலாளி. ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. காசு சேர்ந்து நிலம் வாங்கப் போகும் நேரத்தில் சுமந்து வந்த மூட்டை மலையிலிருந்து உருண்டு விழுகிறது. பிறகு ஒரு வழியாக நிலம் கிடைக்கிறது. ஆனால் கடன் ஏறி அதே நிலம் கை மாறிப் போகிறது. கடைசியில் அந்த மண்ணில் நிற்கும் காற்றாலைக்கு அவரே காவல்காரர்.

இந்தப் படத்துக்கு ஆம்பிளைகள் சொன்ன கருத்து, "ரொம்ப மெதுவாப் போகுது." அதுவும் ஒரு கருத்துதான். ஆனால் கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா சொன்னார்: "அந்த மூட்டை உருண்டப்ப என் கூடையே கவிழ்ந்த மாதிரி இருந்திச்சுங்க. கடன் ஒரே நாள்ல வந்து நிலத்தைத் தூக்கிட்டுப் போகல. சின்னச் சின்னதா வந்திச்சு. நம்ம வீட்டுக்கும் அப்படித்தானே வருது."

அடுத்த கிழமை அந்த அக்கா மூன்று கடன் புத்தகங்களை ஒரு பையில் போட்டு என் ஆபீசுக்குக் கொண்டு வந்தார். பக்கத்துக் காம்பிராப் பெண்கள் இரண்டு பேரும் கூட வந்தார்கள். கிழமைக்குக் கிழமை கட்டும் குழுக் கடன். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதை வாசித்துச் சொல்ல யாரும் இருக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஒரு கிழமைக்குக் கட்ட வேண்டியது எத்தனை நாள் பேருக்குச் சமம் என்று நாலு பேருமாக உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். எழுதிப் பார்த்த பிறகு நாலாவது கடன் எடுக்க இருந்த அக்கா அதை நிறுத்திக்கொண்டார்.

நம்ம மலையகத்தில் ஏழு பேர்ச் காணியில் வீடு கிடைத்த குடும்பங்கள் இருக்கின்றன. இன்னும் காத்திருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. உறுதிப் பத்திரம் கைக்கு வந்தால் ரங்கசாமியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்காத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது தெரிகிறதா, ஏன் சினிமாவைப் பற்றிப் பேச வந்தேன் என்று? நம்ம பெண்கள் மலையில் எவ்வளவோ பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் நின்றால் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தயக்கம். வங்கியில், கிராம சேவகர் ஆபீசில், தராசுக்கு முன்னால் கிலோ குறைந்தாலும் கேட்கத் தயக்கம். "நான் இப்படி நினைக்கிறேன், இதுதான் காரணம்" என்று சொல்லிப் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கத்தை முதல் முதலாக ஒரு ஆபீசில் போய்த் தொடங்க முடியாது, வீட்டில்தான் தொடங்கணும். படத்தைப் பற்றித் தப்பாகச் சொன்னாலும் யாருக்கும் நட்டமில்லை, பேரும் வெட்ட மாட்டார்கள். பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

எப்படிச் செய்வது?

ஒன்று, மாதத்தில் ஒரு படமாவது எல்லோரும் சேர்ந்து பாருங்கள். அன்றைக்கு நேரத்தோடு சமைத்து முடிக்க ஆம்பிளைகளும் கை கொடுக்க வேண்டும். அம்மா முழுப் படமும் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இரண்டு, சின்னப் பிள்ளைகளும் பார்க்கக்கூடிய படமா என்று பெரியவர்கள் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் இருந்தால் படத்தை இரண்டாக நிறுத்திப் பாருங்கள்.

மூன்று, முடிந்ததும் ஒரு கால் மணித்தியாலம் பேசுங்கள். வீட்டில் சின்னவர் முதலில், வீட்டுத் தலைவர் கடைசியில்.

நான்கு, "நல்லா இருக்கு, நல்லா இல்ல" என்று விட்டுவிடாதீர்கள். எந்த இடம், ஏன் என்று சொல்லுங்கள்.

ஐந்து, யார் என்ன சொன்னாலும் சிரிக்கக் கூடாது. ஒருமுறை சிரித்தால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது.

இன்னொரு வேண்டுகோள். நம்ம தோட்டத்து வாழ்க்கையை வைத்து இலங்கையிலேயே படம் எடுத்திருக்கிறார்கள். 1963இல் 'தோட்டக்காரி', 1975இல் 'புதிய காற்று' வந்தன. அந்தக் காலத்தில் அவற்றைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருந்தால் அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். என்ன பார்த்தீர்கள், உங்களுக்கு என்ன தோன்றியது என்று இளம் பிள்ளைகள் கேட்கட்டும்.

வீட்டில் நல்ல டிஸ்க் வைத்திருப்பவர்கள் பெயர் எழுதி ஒட்டி பிள்ளைக் காம்பிராவில் கொடுங்கள். ஒரு பெட்டியும் ஒரு கொப்பியும் அங்கே வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு போகிறவர் கொப்பியில் கையெழுத்து வைக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது, படத்தைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர் சொன்னால் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.