எண்ணாமல் எழுதாதே

(திருவருகைக் காலம் முதல் ஞாயிறன்று வானொலியில் ஆற்றிய மறையுரை)



இன்று திருவருகைக் காலத்தைத் தொடங்குகிறோம். நற்செய்தியில் ஒரு வீட்டுத் தலைவர் பயணம் புறப்படுகிறார். பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுக்கிறார். வாயில் காவலருக்கு அவர் கொடுக்கும் வேலை ஒன்றே ஒன்றுதான்: விழித்திருக்க வேண்டும். மாலை, நள்ளிரவு, சேவல் கூவும் நேரம், விடியல் என இரவின் நான்கு சாமங்களையும் ஆண்டவர் ஒவ்வொன்றாகக் குறிப்பிடுகிறார்.

விழித்திருப்பது என்றால் தூங்காமல் இருப்பது மட்டுமா? கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே எதையும் பார்க்காமல் இருக்க நம்மால் முடியுமே! இதை எனக்குப் புரியவைத்தவள் என் அண்ணன் மகள். செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அண்மையில் அவளுக்கு ஓர் அரசு மருத்துவமனையில், பச்சிளம் குழந்தைகள் சிறப்புக் கவனிப்புப் பிரிவில் போஸ்டிங் போட்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் மாலையில் எனக்குத் தொலைபேசியில் பேசுவாள். இன்று நான் சொல்லப்போவதை அவளிடம் கேட்டுவிட்டே சொல்கிறேன். “சொல்லுங்க சித்தப்பா. ஆனா என் பேரும் ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம்” என்றாள்.

முதல் நாள் வாசலிலேயே அவளை நிறுத்திவிட்டார்கள். செருப்பு, வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். அவள் விரலில் பாட்டி கொடுத்த ஜெபமாலை மோதிரம் இருந்தது. “இது ஜெபமாலை சிஸ்டர்” என்று தயங்கியிருக்கிறாள். பொறுப்புச் செவிலியர் சிரித்துக்கொண்டே, “இருக்கட்டும்மா. கிருமிக்கு அது தெரியாதே” என்றாராம். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி என்று ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் மறுபடியும் முதலிலிருந்து கழுவச் சொல்வார்களாம்.

உள்ளே இருப்பவர்கள் யார்? 37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிட்ட பிள்ளைகள். எடை குறைந்த பிள்ளைகள். பிறந்த உடனே நோய் கண்ட பிள்ளைகள். அவளிடம் ஒப்படைத்த ஆண் குழந்தை 31 வாரத்தில் பிறந்தவன். எடை 1,300 கிராம். வார்மரின் சூட்டில் படுத்திருந்தான். தாயின் பாலைப் பிழிந்து, மெல்லிய குழாய் வழியாகச் சில மில்லி மட்டும் கொடுப்பார்கள். மாணவிகள் தாங்களாக ஊசி போட முடியாது, மருந்து கொடுக்க முடியாது. எதைச் செய்தாலும் பக்கத்தில் மூத்தவர் நிற்க வேண்டும். “அப்போ நீ என்னதான் செய்யிற?” என்று கேட்டேன். “பார்க்கிறேன், எழுதுறேன் சித்தப்பா” என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

ஆனால் அந்தப் பார்வைக்கும் ஒரு முறை உண்டு. குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். வயிறு கதகதப்பாக இருந்து பாதம் சில்லிட்டிருந்தால், பிள்ளை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது என்று பொருள். மூச்சை எண்ண வேண்டும். அதுவும் முழுதாக ஒரு நிமிடம். குறைமாதக் குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. சில நொடி வேகமாக விடும், சில நொடி நிறுத்திவிடும், பிறகு மீண்டும் தொடங்கும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தவறிவிடும். நிமிடத்துக்கு 60-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே மூத்தவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் வாரத்தில் ஒரு பிற்பகல். ஒரு மணிக்கு 46, இரண்டு மணிக்கு 48 என்று எண்ணி எழுதியிருந்தாள். மூன்று மணிக்கு அவளுக்குக் களைப்பு. பிள்ளை பேசாமல்தான் படுத்திருந்தான். மேலே இருந்த 48-ஐயே கீழேயும் எழுதிவிட்டாள்.

சற்று நேரத்தில் பொறுப்புச் செவிலியர் வந்தார். தாளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். “எண்ணினியாம்மா?” என்று கேட்டார்.

“ஆமான்னு சொல்ல வாய் வந்துடுச்சு சித்தப்பா. சொல்லியிருந்தா யாருக்கும் தெரியாது. ஆனா பிள்ளையோட நெஞ்சு எனக்கு நேரா ஏறி இறங்கிட்டு இருந்துச்சு. இல்ல சிஸ்டர்னு சொல்லிட்டேன்.”

அந்தச் செவிலியர் கத்தவில்லை. “வா, சேர்ந்து எண்ணுவோம்” என்றார். எண்ணினார்கள். 66. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கத் தொடங்கியிருந்தது. மருத்துவரை அழைத்தார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள், இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், தொற்றுக்கு மருந்து தொடங்கினார்கள். சில நாளில் பிள்ளை தேறிவிட்டான். இன்னும் ஒரு மணி நேரம் அந்தப் பொய்க் கணக்கு தாளில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, அன்று இரவு அவள் விடுதியில் அழுதிருக்கிறாள்.

அந்தச் செவிலியர் அவளுக்குச் சொன்ன வார்த்தையை நான் என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்: “எண்ணாம எழுதாதே. முடியலைன்னா காலியா விடு. காலியா இருந்தா யாராவது வந்து பார்ப்பாங்க. பொய்யா நிரப்பி வச்சா யாரும் வரமாட்டாங்க.”

அந்த 48-ஐ அவள் அழிக்கவும் கூடாதாம். எண் தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் செய்வதும் இதுதானே? தவறை மறைப்பதில்லை, இது என்னுடையது என்று கையெழுத்திடுகிறோம்.

அன்பார்ந்தவர்களே, ஒரு மூச்சுக் கணக்குக்கு இவ்வளவு மதிப்பா என்று தோன்றலாம். 1963-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. பெயர் பேட்ரிக். எடை இரண்டு கிலோவுக்கு மேலேயே இருந்தது. ஆனால் நுரையீரல் முதிரவில்லை. செல்வாக்கும் சிறந்த மருத்துவர்களும் இருந்தும், மூச்சுத் திணறி இரண்டு நாளில் அக்குழந்தை இறந்துபோனது. இன்று அத்தகைய பிள்ளைகளில் மிகப் பலர் நம் ஊர் அரசு மருத்துவமனையிலிருந்தே வீடு திரும்புகிறார்கள். மருந்தும் கருவியும் வளர்ந்திருக்கின்றன, உண்மைதான். ஆனால் அவை வேளையோடு வந்து சேர வேண்டுமானால், யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னாள். 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் பிள்ளைகள் அதிகம், இன்குபேட்டர்கள் குறைவு. அங்கே எட்கர் ரே என்ற மருத்துவர், குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று இன்று நம் மருத்துவமனைகளிலும் அதைச் செய்கிறார்கள். தாயின் உடல் சூடே பிள்ளைக்கு வார்மர். அந்தப் பையன் தேறியபின் அவன் அம்மாவை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தவள் என் அண்ணன் மகள்தான். “நான் தொட்டா ஏதாவது ஆயிடுமோ தங்கச்சி?” என்று அந்தத் தாய் நடுங்கினாராம். “ஒண்ணும் ஆகாதுக்கா, நீங்க தொட்டாதான் நல்லது” என்று பிள்ளையை மார்பில் வைத்திருக்கிறாள். ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தாய், “இவன் மூச்சு எனக்கே கேக்குது” என்றாராம்.

நம் தமிழில் எண்ணுதல் என்றால் கணக்கிடுதல். எண்ணுதல் என்றால் நினைத்தல். இரண்டுக்கும் ஒரே சொல். காணாமற்போன ஆட்டின் உவமையை நினைத்துப் பாருங்கள். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகிறார் ஆயர். ஒன்று குறைகிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? அன்று மாலையும் எண்ணியிருக்கிறார். “நேற்று நூறு இருந்தது, இன்றும் நூறுதான்” என்று எழுதிவிட்டுத் தூங்கப் போகவில்லை.

நான் அப்படி எழுதியவன். சென்ற ஆண்டு வீடு சந்திப்பின்போது, ஒரு வீட்டுக் குடும்ப அட்டையில் பழையபடியே ஐந்து பேர் என்று குறித்து, தேநீர் குடித்து, செபித்து, ஆசீர்வதித்து வந்தேன். அந்த வீட்டு மூத்த மகன் கோபித்துக்கொண்டு வெளியேறி நான்கு மாதம் ஆகியிருந்தது. மேசையில் ஐந்து தட்டு இல்லை, நான் எண்ணவில்லை. அந்தத் தாய் சொல்லவும் இல்லை; சொல்ல நான் நேரம் கொடுக்கவும் இல்லை.

நாமும் இப்படித்தான் எழுதுகிறோம். “சாப்பிட்டியாம்மா?” “சாப்பிட்டேன்.” எழுதிவிட்டோம். “படிப்பெல்லாம் எப்படிப்பா?” “நல்லா போகுது.” எழுதிவிட்டோம். கோவிலில் நம் பக்கத்தில் அமரும் பெரியவரை மூன்று வாரமாகக் காணோம். ஊருக்குப் போயிருப்பார் என்று நாமே நிரப்பிவிட்டோம்.

இந்தத் திருவருகைக் காலத்தில் நட்சத்திரம் கட்டுவோம், குடில் அமைப்போம். அதோடு, ஒவ்வொரு நாளும் ஒருவரை முழுதாக ஒரு நிமிடம் பாருங்கள். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பாருங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். தெரியாவிட்டால், தெரியவில்லை என்று உங்கள் மனத்தில் காலியாக விடுங்கள். அந்தக் காலியிடம் உங்களை மறுபடியும் அவரிடம் அழைத்துப் போகும்.

பெத்லகேமில் கந்தைத் துணியில் பொதிந்த குழந்தையைப் பற்றிய செய்தி முதலில் யாருக்கு வந்தது? இரவில் விழித்திருந்து மந்தையைக் காவல் காத்த இடையர்களுக்கு. எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கே அந்த மகிழ்ச்சி முதலில் கிடைத்தது.

மன்றாடுவோம். எங்கள் தலைமுடிகளையும் எண்ணி வைத்திருக்கும் தந்தையே, இந்த இரவில் சின்னஞ்சிறு மூச்சுகளை எண்ணிக்கொண்டிருக்கும் செவிலியரையும் மாணவிகளையும், வெளியே காத்திருக்கும் தாய் தந்தையரையும் ஆசீர்வதியும். எண்ணாமல் எழுதிய எங்களை மன்னியும். உம்மைப்போல் ஒருவரையொருவர் எண்ண எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.