டன் பத்தலையா, டக்ட் சரியில்லையா?

கத்திரி வெயில்ல பெருமுக்கல்ல இருந்து கிளம்பி, திண்டிவனத்துல ஒரு ஏசி மண்டபத்துக்குக் கல்யாணத்துக்குப் போறீங்கன்னு வைங்க. மேடை பக்கம் ஜில்லுனு இருக்கு. கடைசி வரிசையில பத்திரிகையை மடிச்சு விசிறிக்கிட்டு இருக்காங்க. உடனே, "டன் பத்தல, இன்னொரு மெஷின் போடுங்க"ன்னு ஒருத்தர் சொல்வார். பல நேரம் பிரச்சினை மெஷின்ல இல்ல. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல ஓடுற தகர டக்ட்ல.

ஜிஐ ஷீட்டை வெட்டி, மடிச்சு, துண்டு துண்டா இணைக்கிற வேலை அது. இணைப்புல கேஸ்கட், சீலன்ட் ஒழுங்கா இல்லன்னா குளிர்காத்து சீலிங்குக்கு மேலயே போயிடும். அமெரிக்காவோட எனர்ஜி ஸ்டார் கணக்குப்படி, ஒரு சாதாரண வீட்டு டக்ட்லயே 20 முதல் 30 சதவீதம் காத்து இப்படி வீணாகுது.

20 சதவீதம்னே வைப்போம். ஆளுங்களுக்குப் பழைய அளவு காத்து வரணும்னா ஃபேன் 1.25 மடங்கு தள்ளணும். ஃபேனோட பவர், காத்தோட அளவுக்கு க்யூப்ல ஏறும். 1.25-ஐ மூணு தடவை பெருக்குங்க: 1.95. ஃபேனுக்கு மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கரன்ட்!

ஏன் இப்படி? டக்ட் வேலைக்குப் பெரும்பாலும் ஷீட்டோட பரப்பை அளந்துதான் காசு. இணைப்புக்கு மெனக்கெட்டா தனிக் காசு கிடையாது. அதனால வேகமா முடிக்கிறவங்களுக்குத்தான் லாபம்.

தொழிலாளியைத் திட்டி பிரயோஜனம் இல்ல. கசிவு டெஸ்ட்டை ஒப்பந்தத்துலயே எழுதுங்க, அதுக்குக் காசும் குடுங்க. டெஸ்ட் முடியாம சீலிங்கை மூட விடாதீங்க. மூடிட்டா, அப்புறம் மாசாமாசம் கரன்ட் பில்தான் பேசும்.